சோத்தாங்கண்

முதலில் நின்றது சத்தம்தான்.

சிவந்தி அரிவாள்மனையில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கூடத்தில், மீன் ஏற்றும் நீல பிளாஸ்டிக் பெட்டிக்குள், கோழிக்குஞ்சுகள் அலுமினியத் தட்டில் குருணை கொத்தும் சத்தம் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்த வீட்டில் ஓயாது. எண்ணூர் சாலையில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் உறுமல் காதுக்குப் பழகிப்போனது போல அதுவும் பழகிப்போயிருந்தது. நின்றால்தான் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்ததே தெரியும். இப்போது நின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, ஒரேயடியாக. அவள் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து எட்டிப் பார்த்தாள்.

பெட்டிக்கு அந்தப் பக்கம் அவளுடைய இரட்டைப் பெண்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அம்முவும் ஜோதிகாவும், ஆறு வயது. பெட்டிக்குள் குஞ்சுகள் தட்டைச் சுற்றி நின்ற நிலையிலேயே உறைந்திருந்தன. ஒரு குஞ்சு தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. எல்லாத் தலையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. எல்லா இடது கண்ணும் மேலே திரும்பி அந்த இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டிருந்தது.

வேறு அம்மாவாக இருந்தால் கொள்ளை அழகு என்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருப்பாள். சிவந்தி போனை எடுக்கவில்லை. ஏனென்றால் அந்தத் தலைச் சாய்ப்பைப் பார்த்துப் பதிவு செய்வதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை.

மாதவரம் பக்கம் ஒரு பறவை ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் உதவியாளர். கோழிக்குஞ்சுக்கு இரண்டு கண்ணும் ஒரே வேலையைச் செய்வதில்லை. முட்டைக்குள் கடைசி நாட்களில் குஞ்சு கழுத்தை மடக்கிக்கொண்டு கிடக்கும்போது இடது கண் உடம்போடு அழுந்தி இருட்டில் இருக்கும்; வலது கண் ஓட்டுப் பக்கம் பார்த்திருக்கும். ஓட்டின் வழியாகக் கசிகிற வெளிச்சம் வலது கண்ணுக்குத்தான் கிடைக்கும். அப்படிப் பொரிந்த குஞ்சு வலது கண்ணால் குருணையையும் கல்லையும் பிரித்துப் பொறுக்கும். இருட்டில் கிடந்த இடது கண்ணால் பருந்து வருகிறதா என்று வானத்தைப் பார்க்கும். வெளிச்சமே காட்டாமல் பொரிக்க வைத்த குஞ்சுகளுக்கு இந்த வேலைப் பிரிவினை சரியாக அமையாது. தின்ன ஆரம்பித்தால் பருந்தை மறந்துவிடும்.

இதையெல்லாம் அவள் புருஷன் திலீப்பிடம் ஒருமுறை விளக்கிச் சொன்னாள். அவன் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவன். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"இதுக்கா இவ்ளோ படிப்பு? சோத்தாங்கை, பீச்சாங்கை மாதிரி அதுக்கு சோத்தாங்கண்ணு, பீச்சாங்கண்ணு. துன்றதுக்கு ஒண்ணு, பயப்படறதுக்கு ஒண்ணு. அவ்ளோதான மேட்டரு?"

அந்தப் பெயர்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டன. பிள்ளைகளும் அப்படியே சொல்லிப் பழகினார்கள். இப்போது பெட்டி நிறையப் பீச்சாங்கண்கள். புது ஆட்களைப் பார்த்தால் குஞ்சுகள் மிரள்வது சகஜம்தான் என்று சிவந்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தக் குஞ்சுகள் வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஆராய்ச்சியில் மிச்சமான குஞ்சுகள் அவை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாக இருக்கட்டும் என்று கேட்டு வாங்கி வந்தாள். பிள்ளைகள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்பதை நினைக்காமல் இருக்கத்தான் அவள் இரவும் பகலும் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அமாவாசை. பள்ளிக்கூடம் விட்டுக் கூட்டி வரும் வழியில், முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று இரண்டும் அடம்பிடித்தன. ஓதம் ஏறி, கடல் தண்ணீர் உள்ளே பாய்கிற நேரம். கரை சரிந்தது. ஒரே மாதிரி யூனிஃபார்ம், ஒரே மாதிரி ரிப்பன், ஒரே நொடியில் இரண்டும் தண்ணீருக்குள். சிவந்தி இடுப்பில் செருகிய போனோடு குதித்தாள். கையில் அகப்பட்டதை இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டதோடு அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. இன்னொன்றை எடுத்தவர் மணி, அதே குப்பத்தில் வீச்சுவலை போடுகிறவர். அவர் ஓடி வந்து, வலையை வீசி வீசி, அது கனத்து ஏறும்போது கரையில் கூடியவர்கள் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்களாம். அவ்வளவு நேரம் அடியில் கிடந்த குழந்தை பிழைக்காது. அது எழுந்து உட்கார்ந்து இருமியது.

இரண்டு பேர் முகத்திலும் தலையிலும் கழிமுகத்துக் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. முதலில் வந்தது யார், வலையில் வந்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைக் கேட்டால் இரண்டும் பேசவில்லை. சிவந்தி மணியின் வீட்டுக்கே போய்க் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரி கீது. எனுக்கு இன்னாமா தெரியும்?" அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஆனா வலையில வந்தப்போ கண்ணு தொறந்துகினு இருந்துச்சி. தண்ணிக்குள்ளயே தொறந்துகினு இருந்துச்சி. என்னியதான் பாத்துச்சி."

அதற்குப் பிறகு அவர் வலையைத் தொடவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பார்க்கவும் வரவில்லை. இரண்டும் உயிரோடு கிடைத்தது சாமி புண்ணியம் என்று எல்லோரும் சொன்னார்கள். பெற்றவளுக்கு மட்டும் எங்கேயோ இடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்த முதல் காலையிலேயே பிள்ளைகள் படுத்த பாய் ஈரமாக இருந்தது. மூத்திரம் இல்லை, முகர்ந்து பார்த்தாள். சேறும் எரிந்த எண்ணெயும் கலந்த அந்த முகத்துவாரத்து வாடை. ஈரம் பாயின் நடுவில் இருந்தது, இரண்டு பேரும் கட்டிக்கொண்டு கிடந்த இடத்தில். யார் பக்கத்து ஈரம் என்று சொல்ல வழியில்லை. பாயை வெயிலில் போட்டாள். மறுநாளும் ஈரம். தண்ணீர்க் குடத்தை எட்டத் தள்ளி வைத்துப் பார்த்தாள், கூரை ஒழுகுகிறதா என்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். பாய் ஈரமாகத்தான் இருந்தது.

அப்புறம் குஞ்சுகள் குறைய ஆரம்பித்தன. இறகு சிதறவில்லை, ரத்தம் இல்லை. பக்கத்து வீட்டுப் பவுனம்மாள், மீன் கூடை தூக்கியே தோள் சரிந்துபோன விதவை, பெருச்சாளியாகத்தான் இருக்கும் என்றாள். சிவந்தியும் அப்படியே நம்பியிருப்பாள். ஆனால் முதலில் காணாமல் போனவை எல்லாம் தலையில் ஊதா மை வைத்த குஞ்சுகள். இருட்டில் பொரித்தவற்றுக்கு அவள் கையாலேயே வைத்த அடையாளம் அது. தின்னும்போது வேறெதையும் கவனிக்கத் தெரியாதவை. பெருச்சாளி வந்திருந்தால் இரவில் வந்திருக்கும், தூங்குகிறவற்றில் கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கும். இது பகலில் நடக்கிறது. தட்டில் கொத்திக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக ஒன்று எடுக்கிறது. அவள் அடுப்படியில் வெங்காயம் அரியும்போது.

கூடத்தில் இருப்பது அவளுடைய இரண்டு பிள்ளைகள். ஒன்றுதான் அவளுடையது.

பத்து மாதம் சுமந்தவளுக்குத் தெரியாதா என்று யாராவது கேட்டால் அவள் அழுதிருப்பாள். தெரியவில்லை. மச்சம், தழும்பு, பல் விழுந்த இடம் எல்லாம் சரியாக இருந்தன, இரண்டு பேருக்கும். ஆனால் அம்மு மாறிவிட்டாள். அம்மு பிறந்ததிலிருந்தே பீச்சாங்கைக்காரி. சோறு, பென்சில், தங்கையை அடிக்கிற அடி, எல்லாம் இடது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே வலது கையால் சோற்றைப் பிசைந்தாள். இடது கையை மஞ்சள் கவுனின் நீளக் கைக்குள் இழுத்துக்கொண்டு நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்தாள். பேச்சு நின்றுபோனது. சாப்பாடு இறங்கவில்லை. சிவந்தி எழுந்து பார்க்கும்போதெல்லாம் படுக்கையில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். திறந்த கண். மணி சொன்ன அதே திறந்த கண்.

ஜோதிகா மாறவே இல்லை. முன்னைவிடச் செல்லமாகக்கூட ஆகிவிட்டாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்து, "பசிக்குதும்மா" என்பாள். தட்டில் வைத்ததெல்லாம் காலி செய்வாள். கழுத்தைக் கட்டும்போது அவள் மூக்கு சிவந்தியின் காதுக்குக் கீழே வந்து கொஞ்ச நேரம் நிற்கும், அவ்வளவுதான்.

"துன்ற கொயந்தைக்கு ஒண்ணும் இல்லடி செவந்தி," என்றாள் பவுனம்மாள் வாசற்படியில் நின்று, குரலைத் தாழ்த்தி. "துன்னாதத பாரு. எம்மேல கோச்சிக்காத. அந்த மஞ்ச கவுனு என்னிய பாக்கச்சொல்லோ எனுக்கு மேலெல்லாம் கூசுது."

"என் பொண்ணு அத்தே அவ."

"நான் இல்லன்னு சொன்னனா?" என்றாள் பவுனம்மாள். சொன்னமாதிரிதான் இருந்தது.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய அன்று பள்ளிக்கூடமும் ஆராய்ச்சிக்கூடமும் லீவு. மத்தியானமே வெளிச்சம் மங்கிவிட்டது. குப்பத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பவுனம்மாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, நீயும் கிளம்பு என்று கூப்பிட்டாள். வருகிறேன், நீங்கள் போங்கள் என்று சிவந்தி அனுப்பிவைத்தாள். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அத்தனை குழந்தைகள் படுத்திருக்கும் இடத்துக்கு அவள் எப்படிப் போவாள்? திலீப்பின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே சொல்லிக்கொண்டிருந்தது. படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன என்றார்கள். சிலது திரும்பவில்லை என்றும் சொன்னார்கள். யாரிடம் போய் அழுவது? அழுதால்தான் என்ன செய்துவிடுவார்கள்? அவளுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். அதையே செய்து, குஞ்சு யாரைப் பீச்சாங்கண்ணால் பார்க்கிறது என்று பார்த்துவிட முடிவு செய்தாள்.

பெட்டியில் மூன்றோ நான்கோ குஞ்சுகள் மிச்சம், வெளிச்சத்தில் பொரிந்தவை. ஒன்றை எடுத்துக் கூடத்தின் நடுவில் கம்பிக் கூடைக்குள் விட்டாள். அந்தச் சுவரோரம் அம்மு, மஞ்சள் கவுன். இந்தச் சுவரோரம் ஜோதிகா, பச்சைக் கவுன். பார்க்கிறவர் அறையில் இருக்கக்கூடாது என்பது ஆராய்ச்சிக்கூடத்து விதி. இங்கே அவள் நின்றால் தீனி போடுகிறவள் என்று குஞ்சு அவள் பின்னால்தான் ஓடும். அதனால் போனை அரிசி டிரம் மேல் சாய்த்து வைத்தாள். முகத்துவாரத்துத் தண்ணீரில் நனைந்ததிலிருந்து பின்பக்கக் கேமரா பனி மூடிக் கிடந்தது. முன்பக்கக் கேமராவைப் போட்டாள். திரையில் கூடமும் இரண்டு பிள்ளைகளும் நடுவில் குஞ்சும் தெளிவாகத் தெரிந்தார்கள்.

"ரெண்டு பேரும் அசையாம குந்தியிருக்கணும். அம்மா இப்ப வந்துர்றேன்."

அம்மு அவளைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஜோதிகா கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். அம்முவின் உதடு மூடிக்கொண்டது.

சிவந்தி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் நின்றாள். ஷீட்டின் மேல் காற்று இழுத்துக்கொண்டு போனது. பாத்திரங்கள் தானாக ஒன்றோடொன்று உரசின. கூடத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைத்து, வேறொரு குஞ்சை விட்டு, மறுபடியும் எடுத்தாள். வேலையில் அவள் அரைகுறையாக எதையும் செய்ததில்லை.

அடுப்படியில் குந்தி உட்கார்ந்து வீடியோவை ஓட்டினாள். குஞ்சு கூடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றது. கழுத்தை நீட்டித் தலையைச் சாய்த்தது. திரையில் இடது கண் மஞ்சள் கவுனைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது வீடியோ. பிள்ளைகள் இடம் மாறியிருந்தார்கள், குஞ்சும் மாறித் திரும்பியது. மறுபடியும் இடது கண். மறுபடியும் மஞ்சள்.

பீச்சாங்கண்.

அவள் போனை நெஞ்சில் அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அம்மு போய்விட்டாள். அம்மு அந்தச் சேற்றுக்கு அடியிலேயே இருக்கிறாள். பிறந்தபோது முதலில் அழுதவள், முதலில் நடந்தவள். இவ்வளவு நாளாக அவள் பாலைக் காய்ச்சிக் கொடுத்ததும் தலை வாரிவிட்டதும் வேறு எதற்கோ. அழுகைக்குள்ளிருந்து ஒரு வெறி எழுந்தது. இதைத் திருப்பி அனுப்பிவிட்டால் அவள் வந்துவிடமாட்டாளா? ஜோதிகாவாவது மிஞ்சமாட்டாளா?

விளக்கு வைக்கும் நேரம். அந்த நேரத்தில் வாசல் கதவைச் சாத்தக்கூடாது, பிள்ளைகளை வெளியே அனுப்பக்கூடாது என்பார்கள். கரன்ட் போய்விட்டிருந்தது. சிவந்தி விளக்கேற்றவில்லை. அம்முவின் முன்னால் மண்டியிட்டாள்.

"என் பொண்ண குடுத்துடு," என்றாள். "உன் கால்ல வுயறேன். உன்ன நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். எம்புள்ளய குடுத்துட்டுப் போயிடு."

அம்மு நடுங்கினாள். கண் சிவந்தியின் தோளுக்குப் பின்னால் போய்ப் போய்த் திரும்பியது. சிவந்தி அவள் இடது கையைப் பிடித்து இழுத்தாள். அம்மு வீறிட்டாள். கவுனின் கை மேலே ஏறியது. புறங்கையில், ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஊசி போட்ட இடத்தில், தோல் கன்றி ஊதிப்போயிருந்தது. சிவந்தி அதைப் பார்த்தாள். பார்த்தும் மனதில் ஏறவில்லை. வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த உடம்பில் கனமே இல்லை. படிக்கு வெளியே விட்டாள்.

"வந்த எடத்துக்கே போ."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

தட்டும் சத்தம் உடனே வந்தது. சின்னக் கை, கதவின் கீழ்ப்பகுதியில். அதோடு அத்தனை நாள் கேட்காத குரல், காற்றில் துண்டு துண்டாக.

"அம்மா... நான்தாம்மா... அவ இல்லம்மா... அம்மா, உள்ள அவ..."

சிவந்தி கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தட்டுவது முதுகில் அதிர்ந்தது. குரல் நன்றாகத்தான் இருக்கும். அம்முவின் குரல் மாதிரியேதான் இருக்கும். அப்படித்தானே அது ஏமாற்றும்? ஜோதிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குக் கீழே மூக்கை வைத்துக்கொண்டாள்.

"அழாதம்மா," என்றாள். "அவ போயிடுவா."

முதுகில் அதிர்வு மெல்ல மெல்லக் குறைந்தது. தட்டல் தடவலானது. அப்புறம் அதுவும் இல்லை. மழை மட்டும்.

வெகு நேரம் அப்படியே இருந்தாள். ஜோதிகா எழுந்து பெட்டிப் பக்கம் போனாள். சரியாகத்தான் செய்தாய், வேறு வழியில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும் போல சிவந்திக்கு இருந்தது. சொல்ல யாருமில்லை. போனை எடுத்து வீடியோவை மறுபடியும் ஓட்டினாள். குஞ்சு சுற்றியது. நின்றது. தலையைச் சாய்த்தது. இடது கண், மஞ்சள் கவுன். சரிதான். இன்னொரு தரம். சரிதான். மூன்றாம் தரம் அவள் கண் குஞ்சைவிட்டு விலகிச் சுவருக்குப் போனது. சுவரில் நாள்காட்டி தொங்கியது. டோல்கேட்டில் மளிகை வாங்கும் ராசையா ஸ்டோர்ஸ் கொடுத்தது, பெரிய சிவப்பு எழுத்தில் கடைப் பெயர் போட்டது.

அதைப் படிக்க முடியவில்லை.

எழுத்தெல்லாம் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. கடைப் பெயர் தப்பான பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. கண்ணாடியில் தெரிவதுபோல.

செல்ஃபி எடுக்கும்போதெல்லாம் மூக்குத்தி மறுபக்கம் போய்விடும். பிள்ளைகள் அதைப் பார்த்து உருண்டு உருண்டு சிரிப்பார்கள். இதே போன். இதே கேமரா. இடம் வலமாகும். வலம் இடமாகும்.

குஞ்சு மஞ்சள் கவுனைப் பார்த்தது சோத்தாங்கண்ணால். பயமில்லாத கண்ணால். மறுபக்கம் இருந்தது பீச்சாங்கண். மறுபக்கம் இருந்தது பச்சை.

அவள் வாயிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. தாழ்ப்பாள் வழுக்கியது. இழுத்தாள். நகம் பெயர்ந்தது. கதவு திறந்து காற்று முகத்தில் அடித்தது.

"அம்மூ!"

தெருவில் யாருமில்லை. ஒரு வீட்டிலும் வெளிச்சமில்லை. ஓதம் ஏறி முகத்துவாரத்துத் தண்ணீர் தெரு முனையைத் தாண்டி வந்திருந்தது. போன் வெளிச்சத்தைக் கதவின் வெளிப்பக்கம் திருப்பினாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் எந்நேரமும் படிந்து கிடக்கும் நீலக் கதவு அது, எவ்வளவு துடைத்தாலும் மறுநாள் சாம்பல்தான். ஷீட் வாசலுக்கு மேல் நீட்டியிருந்ததால் மழை அங்கே இன்னும் படவில்லை. சாம்பலில் சின்னச் சின்ன உள்ளங்கை அடையாளங்கள். அவள் இடுப்புயரத்தில் ஆரம்பித்து, கீழே, இன்னும் கீழே, கடைசியில் வாசற்படியை ஒட்டி. ஒன்றில்கூட வலது கை இல்லை. எல்லாம் இடது. ஊதிப்போன, தொட்டால் வீறிடுகிற இடது கை. அவசரத்தில், பயத்தில், வலியை மறந்து அம்மு எந்தக் கையால் தட்டுவாளோ அந்தக் கை.

"அம்மூ! அம்மா வந்துட்டேன்டீ! அம்மூ!"

தண்ணீர்ப் பக்கமிருந்து ஏதோ கேட்டது. காற்றாக இருக்கலாம். குழந்தையாக இருக்கலாம். ஒரு காலைப் படியிலிருந்து இறக்கினாள். தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. அடுத்த காலை எடுத்தாள்.

நகரவில்லை.

நைட்டியின் ஓரத்தை யாரோ பின்னாலிருந்து பிடித்திருந்தார்கள். இழுக்கவில்லை. பிடித்திருந்தார்கள், அவ்வளவுதான். உதறினாள். பிடி தளரவில்லை. சேறும் எரிந்த எண்ணெயும் கலந்த வாடை, இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு பழக்கமாக. கூடத்தில் குஞ்சுகளின் சத்தம் இல்லை. ஒன்றுகூட இல்லை.

அவள் போன் வெளிச்சத்தோடு திரும்பினாள்.

பச்சைக் கவுன் வாசற்படிக்குள் நின்றிருந்தது. கவுனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உதட்டோரத்தில் ஒரு மஞ்சள் பூஞ்சிறகு ஒட்டியிருந்தது. வெளிச்சம் முகத்தில் பட்டும் இமை தட்டவில்லை.

"பசிக்குதும்மா," என்றது ஜோதிகாவின் குரல்.

பிறகு அந்தத் தலை மெல்ல இடப்பக்கமாகத் திரும்பிச் சாய்ந்தது, ஒரு கண் மட்டும் அவளைப் பார்க்கும்படி. சிவந்தி போனைப் பார்க்கவில்லை, நேராகத்தான் பார்த்தாள், இந்த முறை தப்பாக இருக்க வழியே இல்லை. அது சோத்தாங்கண்.